ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் வெண்கல விலங்குகள்

மனிதன் எவற்றோடு பழகினானோ, எவற்றுக்கு அஞ்சினானோ, எவற்றால் பசியாறினானோ, அந்தப் பிராணிகளின் உருவங்களையே தன் மரணத்துக்குப் பின்னும் உடன் கொண்டுபோக விரும்பினான் என்பதற்கு, ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழிகளோடு கிடைத்த வெண்கலப் பொருள்களைவிடத் தெளிவான சாட்சியம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. மதுரையிலிருந்து காரியாபட்டி, அருப்புக்கோட்டை வழியாகக் கரிசல் பூமியை ஊடறுத்துத் தூத்துக்குடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நம் ஜனங்கள் நாள்தோறும் பிரயாணம் செய்கிறார்கள். அந்தச் சாலை முடியும் ஜில்லாவிலேயே, திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் போகும் வழியில், தாமிரபரணியின் தென்கரையில், 114 ஏக்கர் பரப்புள்ள ஒரு மேட்டு நிலத்துக்கு அடியில் மூவாயிரம் ஆண்டுப் பழமையின் ஒரு பகுதி புதைந்து கிடக்கிறது.

பெர்லின் நகரத்து அறிஞர் யாகோர் 1876-ஆம் ஆண்டில் அங்கே முதன்முதலாகத் தோண்டிப் பார்த்து, தமக்குக் கிடைத்த பானைகளையும் இரும்புக் கருவிகளையும் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார். பின்னர் 1899 முதல் சில ஆண்டுகள் தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ முறையாக அகழ்ந்து, ஆயிரக்கணக்கான பொருள்களைத் திரட்டி, அவற்றின் விவரங்களை 1915-இல் ஒரு பட்டியல் நூலாக வெளியிட்டார். அவர் சேர்த்த செல்வமே இன்று சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நெற்றியில் கட்டும் பொற்பட்டங்களும், இரும்பினாலான வாள்களும் வேல்களும் அதில் உண்டு என்றாலும், பார்ப்பவர் உள்ளத்தைக் கவர்ந்து நிறுத்துபவை வெண்கலக் கிண்ணங்களும், அவற்றின் மூடிகளும், அவற்றை அலங்கரிக்கும் பிராணிகளுமே ஆகும்.

எருமை, ஆடு, சேவல் என்று வீட்டோடு வாழ்பவை ஒருபுறம். புலி, மான், யானை என்று காட்டில் திரிபவை மற்றொருபுறம். இவற்றோடு சிறகு விரித்த பறவைகளும் சேர்ந்து, அக்காலத்து மனிதனைச் சூழ்ந்திருந்த ஜீவராசிகளின் உலகம் முழுவதையும் அந்தச் சிறிய வார்ப்புகள் நம் கண்முன் நிறுத்துகின்றன. ஆயுதங்களுக்கும் கருவிகளுக்கும் இரும்பையும், பாத்திரங்களுக்கும் அணிகளுக்கும் வெண்கலத்தையும் அந்த மக்கள் தெரிந்தெடுத்திருப்பது கவனிக்கத்தக்கது. உழைப்புக்கும் போருக்கும் ஓர் உலோகம், அழகுக்கும் சடங்குக்கும் வேறோர் உலோகம் என்று பிரித்து வைத்த சமூகம், அந்த இரண்டாவது உலோகத்தில் விலங்கின் உருவத்தைச் செய்தது என்றால், அந்த உருவத்துக்கு அது அளித்த கௌரவம் விளங்கும்.

அவர்களுடைய உலோக ஞானமும் சாதாரணமானதன்று. செம்போடு நூற்றுக்கு இருபதுக்கும் மேற்பட்ட பங்கு வெள்ளீயம் கலந்தால் பொன்போன்ற நிறம் வரும்; ஆனால் அந்தக் கலவை ஆறிய நிலையில் அடித்தால் நொறுங்கிவிடும். அதைச் செந்தணலாகக் காய்ச்சி, சூடு ஆறுமுன் தட்டி மெல்லிய கிண்ணமாக்கி, உடனே நீரில் தோய்த்துவிட்டால், நொறுங்கும் தன்மை குறைந்து, மினுமினுப்பும் நல்ல நாதமும் நிலைக்கும். ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் கிடைத்த சில பாத்திரங்கள் இம்முறையில் ஆனவை என்பதை உலோக ஆராய்ச்சியாளர் சாரதா சீனிவாசன் தம் ஆய்வுகளால் காட்டியிருக்கிறார்.

இதேபோல் விலங்குருவங்களை உலோகத்தில் வடித்த வேறொரு மக்களைக் காண, இனி, கடல் கடந்து இத்தாலியை நோக்குவோம். ரோமாபுரி பேரரசாக எழுவதற்கு முன்னரே, இன்று டஸ்கனி என்று வழங்கும் பிரதேசத்தில் எட்ருஸ்கர் என்னும் மக்கள் செழிப்போடு வாழ்ந்தார்கள். அவர்களுடைய ஆதிகாலத்துக் கல்லறைகளில், குதிரையின் வாயில் பூட்டும் வெண்கலக் கடிவாளத்தின் பக்கத் தகடுகளே குதிரை வடிவில் அமைந்திருக்கின்றன. செர்வெட்டேரியில் 1836-இல் திறக்கப்பட்ட ஒரு கல்லறையில், ஆடையைப் பூட்டும் பெரிய பொன் ஊசியொன்றில் சிங்கங்கள் நடக்கின்றன. அதன் கீழ்ப்பகுதியில் சிறு வாத்துகள் அணிவகுக்கின்றன. அரெட்சோ நகரத்தில் 1553-இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட வெண்கலக் கிமேரா, சிங்க உடலும், முதுகில் எழும் ஆட்டுத் தலையும், பாம்பு வாலுமாக, காயம்பட்ட சினத்தோடு உறுமி நிற்கிறது. அதன் முன்னங்காலில், அது தெய்வத்துக்குச் செலுத்திய காணிக்கை என்று எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். ஆட்டின் ஈரலைப் பார்த்துத் தேவ சித்தத்தை அறிவதும், பறவை பறக்கும் திசையைக் கொண்டு நன்மை தீமை கணிப்பதும் அவர்களுடைய சமயத்தின் முக்கிய அங்கங்கள். பியாசென்சா நகருக்கு அருகே 1877-இல் கிடைத்த வெண்கல ஈரல் ஒன்றில், எந்தப் பகுதி எந்தத் தெய்வத்துக்கு உரியது என்றுகூடக் குறித்து வைத்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு மக்களும் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள் என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. அப்படிச் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. மனிதன் எங்கே வாழ்ந்தாலும், தன்னைவிட வலிமை மிக்கதும், தன்னைவிட விரைவாக ஓடுவதும், வானத்தில் ஏறிச் செல்ல வல்லதுமான பிராணிகளிடத்தில் தெய்வத்தின் சமிக்ஞையைக் கண்டான் என்பதே இதில் விளங்கும் உண்மை. புள் நிமித்தம் பார்த்த வழக்கம் சங்க நூல்களிலும் உண்டு. நம் காரியாபட்டி, திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்து பார்த்தால் இது இறந்துபோன நம்பிக்கை அன்று என்பது பிரத்தியட்சம். அய்யனார் கோயில் வாசலில் மண்குதிரை நிற்கிறது. கருப்பசாமிக்குச் சேவலும் கிடாயும் நேர்ந்து விடுகிறார்கள். கிடாயின்மேல் மஞ்சள்நீர் தெளித்து, அது உடலைச் சிலிர்த்துக்கொண்டால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாகக் கொள்கிறார்கள். கால்நடைக்கு நோய் கண்டால், அது நீங்க மண்ணால் உருவாரம் செய்து வைக்கிறார்கள். ஆதிச்சநல்லூரில் சேவலும் வேலும் கிடைத்ததைக்கொண்டு அதை முருக வழிபாட்டின் தொன்மைச் சான்றாகக் கூறும் அறிஞர்களும் உண்டு. அம்முடிவை முற்றும் ஏற்காதவரும், வெண்கல எருமையைச் செய்த கைக்கும் மண்குதிரையைச் செய்யும் வேளார் கைக்கும் இடையே ஓடும் உறவை மறுப்பது அரிது.

2004-இல் தொல்லியல் துறையின் சத்தியமூர்த்தி தலைமையில் மறுபடி தோண்டியபோது, நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அங்கே கிடைத்த மட்கலம் ஒன்றில் ஒட்டுருவமாக, ஒரு பெண்ணும், பயிரும், கொக்கும், மானும், முதலையும் சேர்ந்திருக்கும் காட்சி இருந்தது. நீரும் வயலும் உயிர்களும் நிறைந்த ஆற்றங்கரை வாழ்வை, அதை விட்டுச் சென்றவரோடு சேர்த்து அடக்கம் செய்த அன்புக்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

நம் வெண்கல எருமையை அதன் அயல் ஜில்லாவில் பிறந்த சிறுவன் அறியாமல் வளர்வது நமக்குப் பெருமை தருவதன்று. எழும்பூருக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்று அந்தக் கூடத்தில் நிதானமாக நின்று பார்க்கட்டும். ஆதிச்சநல்லூருக்கும் ஒருமுறை போய்வரட்டும். நம் வைப்பாற்றங்கரையிலுள்ள வெம்பக்கோட்டையில் 2022 முதல் நடந்த அகழாய்வு, விருதுநகர் ஜில்லாவின் மண்ணும் வெறும் மண்ணன்று என்பதைக் காட்டிவிட்டது. ஆகவே, உழவின்போதோ கிணறு வெட்டும்போதோ தாழி வாயொன்று தென்பட்டால், அதைக் கடப்பாரையால் உடைக்காமல், உள்ளிருப்பதை வாரி எடுக்காமல், கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ உடனே தெரிவியுங்கள். உடையாமல் கிடைக்கும் ஒரு தாழி, நம் முன்னோரைப் பற்றி வேறு எந்த நூலும் சொல்லாத செய்தியைச் சொல்லக்கூடும்.