குடைந்த இடமெல்லாம் வெள்ளை

ஜெர்மானிய ஓவியர் அல்பிரெக்ட் டியூரர் 1523-இல் செய்த 'இறுதி இராவுணவு' மரச்செதுக்கு அச்சுப்படத்தில் சீடர்களை எண்ணினால் பதினொரு பேர்தான் வருவார்கள். யூதாஸ் எழுந்து போய்விட்டான். தங்களில் ஒருவன் துரோகி என்று கேட்டுச் சீடர்கள் பதறும் நொடியையே ஓவியர்கள் பலரும் விரும்பி வரைந்தார்கள். டியூரர் அதற்குப் பிந்திய பொழுதைத் தேர்ந்தெடுத்தார். ஒருவர்மேல் ஒருவர் அன்பு வையுங்கள் என்று இயேசு புதிய கட்டளை தரும் நேரமாக, யோவான் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் வருவது அது. மேசைமேல் ஒரு திருக்கிண்ணம். பாஸ்கா ஆட்டுக்குட்டியைக் காணோம். கீழே தரையில் பெரிய தட்டு ஒன்று வெறுமையாகக் கிடக்க, அதன் அருகே அப்பக்கூடையும் திராட்சை ரசக் குடமும் இருக்கின்றன. டியூரரின் ஊரான நியூரம்பெர்க் 1525-இல் லூத்தரின் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. அந்தச் சமயச் சர்ச்சைகளின் சாயலை இந்தத் தட்டிலும் கிண்ணத்திலும் ஆய்வாளர்கள் காண்கிறார்கள்.

என்னை இழுப்பது அந்தத் தட்டின் வெள்ளைதான். அங்கே யாரும் வெள்ளை பூசவில்லை. கட்டையில் அந்த இடத்து மரத்தை வழித்து எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மரச்செதுக்கில் மேடாக நிற்பது மட்டுமே மையைத் தொடும். பள்ளமெல்லாம் காகிதத்தில் வெள்ளையாக விழும். பேரி போன்ற நெருங்கிய இழையுள்ள மரத்தைப் பலகையாக அறுத்து, இழைத்து, அதன்மேல் படம் வரைவார்கள். அகலமான வெள்ளையை உளியால் வாரி எடுத்துவிடலாம். கடினமானது கறுப்புக் கோடுதான். ஒரு மெல்லிய கோடு கட்டைமேல் நிற்க வேண்டுமானால், அதன் இருபுறமும் கத்தியால் கீறி, ஓரத்து மரத்தைச் சீவ வேண்டும். கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினால் நடுவே விழும் எள்ளளவு கட்டங்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். மர இழைக்குக் குறுக்கே போகும்போது கத்தி சற்றே அழுந்தினாலும் கோடு பெயர்ந்துவிடும். அச்சில் இடம் வலமாக மாறும் என்பதால் டியூரரின் பெயர்க்குறியும் ஆண்டும் கட்டையில் இடம் வலம் மாறித்தான் நின்றாக வேண்டும். அக்காலத்தில் ஓவியர் வரைந்து கொடுக்க, செதுக்குவதைப் பெரும்பாலும் அதற்கென்றே இருந்த கைவினைஞர் செய்தார். டியூரரின் பிற்காலக் கட்டைகளில் பலவற்றைச் செதுக்கிய ஹீரோனிமஸ் ஆந்த்ரேயே அப்படிப்பட்டவர். கோட்டை வரைந்த கையை உலகம் கொண்டாடுகிறது. அதைச் சுற்றியிருந்த மரத்தை நீக்கிய கைக்கும் பாதிப் புகழாவது சேர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நன்றாகச் செதுக்கிய கட்டை ஆயிரக்கணக்கில் படிகள் தரும். அதனால் அது அச்சகத்தின் முதலீடு. அச்சடித்து முடிந்ததும் பரணில் கிடக்கும், தேவைப்பட்டால் மறுபடி இறங்கும், கைமாறும், ஊர்மாறும். டியூரரின் 'சிறிய பாடுகள்' வரிசை 1511-இல் நியூரம்பெர்க்கில் வெளிவந்தது. அதே கட்டைகளை வைத்து 1612-இல் வெனிஸ் நகரில் மீண்டும் அச்சிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை இன்று லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பரணில் கிடக்கும் மரத்துக்கு வேறொரு செதுக்குக்காரர் வருவார். மரம் துளைக்கும் வண்டு வெடிப்புகளில் முட்டையிடும். புழு சில ஆண்டுகள் உள்ளேயே மரத்தைத் தின்று திரிந்து, வண்டாகி, மேற்பரப்பைக் கடித்துக்கொண்டு வெளியே பறக்கும். அது விட்டுப்போன வட்டத் துளையில் மை ஒட்டாது. அடுத்த பதிப்பில், நெருக்கமான கோடுகளின் நடுவே ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு தோன்றிவிடும். கட்டையின் ஓரக்கோடு உடைவதும் அப்படியே. தேதியில்லாத ஒரு படி எந்தக் காலத்தது என்று கண்டறிய, அச்சுப்பட நிபுணர்கள் நெடுங்காலமாகவே இந்த வடுக்களைப் பார்த்து வந்திருக்கிறார்கள்.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பரிணாம உயிரியலாளராக இருந்த பிளேர் ஹெட்ஜஸ் இந்தப் பொட்டுகளை வேறு கேள்வியோடு அணுகினார். துளைபட்ட கட்டையில் அச்சான நூல் ஊரையும் ஆண்டையும் தானே சொல்கிறது. அப்படியென்றால் ஒவ்வொரு பொட்டும், இன்ன காலத்தில் இன்ன பகுதியில் ஒரு வண்டு வாழ்ந்தது என்பதற்குச் சாட்சி. 15-ஆம் நூற்றாண்டு முதல் 19-ஆம் நூற்றாண்டு வரையிலான நானூற்றுக்கும் மேற்பட்ட அச்சுப்படங்களில் மூவாயிரத்துக்கும் அதிகமான துளைகளை அவர் அளந்தார். வட ஐரோப்பிய நூல்களில் துளையின் விட்டம் சராசரியாக 1.4 மில்லிமீட்டர், தெற்கில் 2.3 மில்லிமீட்டர். வடக்கே அனோபியம் பங்டேட்டம், தெற்கே ஒலிகோமெரஸ் டிலினாய்டிஸ் என்று, ஐரோப்பாவையே இரண்டு வண்டினங்கள் பங்குபோட்டிருந்தன. இரண்டின் எல்லைகளும் ஏறக்குறைய ஒட்டியே நின்றன, நூற்றாண்டுக் கணக்கில்.

அக்கால வண்டு எதுவும் மிச்சமில்லை, பூச்சிகளைக் கணக்கெடுத்தவரும் யாருமில்லை. படம் அச்சடித்தவர்கள், தங்களை அறியாமலே கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள். கறுப்பில் விழுந்த துளையை மட்டுமே இப்படிப் படிக்க முடியும். ஏற்கெனவே வெள்ளையாய் இருந்த இடத்தில் வண்டு குடைந்திருந்தாலும் காகிதத்தில் அது தெரியாது. பின்னாளில் மரச்சாமான்கள் நாடு விட்டு நாடு போகப்போக அந்த எல்லை கலைந்தது. இருபதாம் நூற்றாண்டில் இரண்டு இனங்களும் ஐரோப்பாவில் பரவலாகக் கலந்துவிட்டதால், இன்றைய நாற்காலிக் காலில் உள்ள துளையை அளந்து ஊரைச் சொல்ல முடியாது. அதற்குப் பழைய அச்சுப்படம்தான் வேண்டும்.