சீனன்குடாவில் காணி வாங்குமுன்

திருகோணமலை நகரம் தீபகற்பத்தில் நெருங்கிக் கிடக்கிறது; கடலுக்குள் வளர முடியாது. காணி விலை ஏற ஏற, நகரில் வேலை செய்பவர்கள் பஸ் ஓடும் திசைகளில் வெளியே குடிபோகிறார்கள்: வடக்கே நிலாவெளிப் பக்கம், தெற்கே சீனன்குடாப் பக்கம். விலையில் மிச்சமாகும் பணம் தினமும் போய்வரும் செலவையும் அலைச்சலையும் ஈடுகட்டும் தூரம்வரை ஊர் நீளும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்து படகுப்பாதைக்குக் காத்திருப்பது ஒழிந்ததும், அந்த எல்லை மறுகரைக்கும் போனது.

சீனன்குடாவில் இந்தக் கணக்கு மட்டும் போதாது. எண்ணெய்க் குதங்கள், விமானப்படைத் தளம், புகையிரதப் பாதை, துறைமுக அதிகாரசபையின் பெருநிலம் என்று எங்கும் அரச காணி. மலிவாக ஒரு துண்டு இருக்கிறது என்று தரகர் சொன்னால், மலிவுக்குக் காரணம் தூரமா, உறுதியில் உள்ள குறையா என்று கேளுங்கள்.

தனியார் காணியில் 10 வருடத் தடையற்ற ஆட்சி உரிமை தரலாம். அரசுக்கு எதிராக அந்த விதி செல்லாது. அரச காணியை மீட்பதற்கான 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி வெளியேறச் சொன்னால், நீதவான் முன் காட்டக்கூடியது செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ வேறு எழுத்துமூல அதிகாரமோ மட்டும்தான். நட்ட தென்னையும் கட்டிய கிணறும் அங்கே சாட்சியாகா. திருகோணமலை மாவட்டத்து முத்துநகரில் நெடுங்காலம் வயல் செய்தவர்கள், துறைமுக அதிகாரசபைக் காணி என்று அந்த வயல்நிலம் சூரிய மின்திட்டங்களுக்குக் கொடுக்கப்பட்டதை எதிர்த்து 2025இல் போராட நேர்ந்தது. உழைத்தவர்களை இந்த நிலைக்குத் தள்ளுவது அநீதி என்றே நினைக்கிறேன். ஆனாலும் புதிதாக வாங்குபவர் அந்த ஆபத்தைத் தெரிந்துகொண்டு தலையில் ஏற்றக்கூடாது.

நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாத வெற்றுக் கடிதம் காணியைக் கைமாற்றாது. அரசு அளித்த காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்றால் விற்பனை செல்லாது. முற்பணம் கொடுக்குமுன் காணிப் பதிவகத்தில் பதிவேட்டைப் பாருங்கள். நிலஅளவை வரைபடத்தை நேரில் எல்லையோடு ஒப்பிடுங்கள். யுத்தத்தில் உறுதி தொலைந்திருந்தால், பதிவான உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்திலேயே கேட்கலாம்.

காணி யாருடையது என்று துறைமுக அதிகாரசபையிடமோ பிரதேச செயலகத்திடமோ 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. வெளியேற்றக் கட்டளை வந்துவிட்டாலும், உண்மையான உரிமையாளர் 6 மாதங்களுக்குள் அரசுக்கு எதிராக வழக்குத் தொடரலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். கட்டளை கிடைத்த அதே வாரத்தில் போங்கள்.