ஒகேனக்கல்: 240 கோடி ஆண்டுப் பாறை எது? பரிசல் ஓடுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கொச்சி சுள்ளிக்கல்லில் இருந்து குடும்பத்தோடு ஒகேனக்கல் கிளம்புறீங்களா? பெட்டி கட்டும் முன் ஒரு விஷயத்தைப் பாருங்க: காவிரியில் இப்போது எத்தனை கன அடி தண்ணீர் வருகிறது? வரத்து கூடினால் பரிசலும் கிடையாது, அருவிக் குளியலும் கிடையாது.

மழையே இல்லாமல் வெள்ளம் வருமா?

வரும். கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளில் திறக்கும் தண்ணீர், பிலிகுண்டுலு வழியாக ஒகேனக்கல் வந்து மேட்டூர் அணைக்குப் போகிறது. அதனால் தருமபுரியில் வெயில் அடித்தாலும், குடகிலும் வயநாட்டிலும் கொட்டும் மழை இங்கே வெள்ளமாகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இது அடிக்கடி நடக்கும். பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்து செய்திகளில் வரும். தடை விதிப்பதும் நீக்குவதும் தருமபுரி மாவட்ட நிர்வாகம்.

பாறைகளுக்கு என்ன வயசு?

இங்குள்ள பாறை எல்லாமே 'கார்பனடைட்' என்று பலரும் சொல்வார்கள். அது சரியல்ல. பெரும்பகுதி சார்னோகைட் போன்ற கடினப் பாறைகள். அவற்றுக்குள் ஊடுருவிய வேறொரு பாறையில், திட்டுத்திட்டாக இருப்பதுதான் கார்பனடைட். அதன் வயது சுமார் 240 கோடி ஆண்டு என ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். டைனோசர்கள் அழிந்தே 6.6 கோடி ஆண்டுதான் ஆகிறது!

கார்பனடைட்டில் சுண்ணாம்புக் கல்லில் இருக்கும் அதே கார்பனேட் கனிமங்கள்தான் அதிகம். ஆனால் இது கடலடியில் படிந்ததல்ல. பூமியின் ஆழத்திலிருந்து குழம்பாக மேலே வந்தது. இன்றும் இப்படிப்பட்ட குழம்பைக் கக்கும் எரிமலை, தான்சானியாவின் ஓல் டொய்ன்யோ லெங்காய்.

பாறைக்குத்தான் இந்த வயசு. காவிரி அதை அறுத்துப் பள்ளத்தாக்கு ஆக்கியது மிகவும் பிற்பாடு.

எப்படிப் போவது?

எர்ணாகுளத்தில் ரயில் ஏறினால் பாலக்காடு, கோவை, ஈரோடு வழியாக சேலம். அங்கிருந்து பஸ்ஸில் தருமபுரி. பிறகு பென்னாகரம் வழியாகச் சுமார் 45 கிலோமீட்டர். மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரி மாதங்கள் வசதி.

எதில் கவனம் தேவை?

இரு பக்கமும் பாறைச் சுவர் உயர்ந்து நிற்க, நடுவே போகும் பரிசல் பயணம்தான் இங்கே சிறப்பு. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீங்க. நடு ஆற்றில் எழுந்து நின்று செல்ஃபி வேண்டாம். வட்டமான பரிசல் சட்டென்று சாயும். பாசி படிந்த பாறை வழுக்கும். குளிக்க அனுமதித்த இடத்தில் மட்டும் இறங்குங்க. மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீருக்கு அடியில் சுழலும் குழியும் இருக்கலாம்.

தடை இருக்கும் நாளில் "கொஞ்ச தூரம்தான்" என்று யார் கூப்பிட்டாலும் போகாதீங்க.