உங்களுக்குத் தெரியுமா? நெய்வேலியில் கரிக்கு முன் தண்ணீர்!

1930களில் கடலூர் மாவட்டம் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்ட, தண்ணீரோடு கருப்பாக ஏதோ வெளிவந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. அதை வெட்டியெடுக்க 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது. மறுவருடம் சுரங்கம் தொடங்கியது.

சிக்கல் கரிக்கு அடியில் இருந்தது. அங்கே பெரும் அழுத்தத்தில் அடைபட்ட நிலத்தடி நீர்! இறைக்காமல் விட்டால் சுரங்கத் தரையையே பிளந்துகொண்டு பொங்கிவிடும். ஆகவே இராப்பகலாக ராட்சத பம்புகள் ஓடுகின்றன. தண்ணீரை வெளியேற்றினால்தான் கரியையே தொட முடியும்.

இறைத்த நீரில் ஒரு பங்கு அனல்மின் நிலையத்துக்கு. இன்னொரு பங்கு வாலாஜா ஏரி வழியாக வயலுக்கு. கொடைதான் என்கிறீர்களா? ஒருகாலத்தில் மோட்டார் இல்லாமலே பொங்கி வழிந்த ஊற்றுக் கிணறுகள் இந்த இறைப்பால் அடங்கிப்போனதைப் பார்த்த சுற்றுவட்டார விவசாயிகளிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்!