பதினாறு வயதுக்குப் பிறகு யார் பொறுப்பு?



காது கேளாமை, பார்வைக் குறைவு, மூளை வளர்ச்சிக் குறைவு உள்ள பிள்ளைகளுக்குப் படிக்க மேலதிக உதவி வேண்டும். இவர்களை விசேட தேவையுள்ள பிள்ளைகள் என்கிறோம். "பள்ளிக்கூடம் முடிஞ்சுது, இனி என்ன செய்யிறது?" என்று பெற்றோர் நம்மிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அதைப் பற்றியே இங்கு பார்ப்போம்.

நமது நாட்டில் கட்டாயக் கல்வி வயது 2016-இல் 14-இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. 16 முடிந்ததும் அந்தக் கட்டாயமும் முடிகிறது. சாதாரண தரம் எழுத முடியாத பிள்ளை வீட்டோடு முடங்கிப் போகிறது.

சரவணையை உதாரணமாக எடுப்போம். இது யாழ்ப்பாணத் தீவகத்தில் வேலணைப் பிரதேச செயலகப் பிரிவில் உள்ள பனங்காட்டு ஊர். காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகளுக்கான நவீல்ட் பாடசாலை கைதடியில் இருக்கிறது. சரவணையிலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் வந்து, அங்கிருந்து கண்டி வீதியால் வேறு பஸ்ஸில் போக வேண்டும். கூட ஒருவர் போனால் வீட்டில் ஒரு நாள் கூலி இல்லை. லயத்திலிருந்து பட்டணத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகும் நமது தாய்மாருக்கு இந்தக் கஷ்டம் தெரியும்.

எங்கே பிழைக்கிறது?

பாடசாலை வலயக் கல்விப் பணிமனையின் கீழ் வருகிறது. உதவிப்பணம் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம். தொழிற்பயிற்சி வேறொரு அதிகாரசபையிடம். மூன்று இடத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் பாடசாலையை விட்ட பிள்ளையின் விபரத்தை அடுத்த கந்தோருக்குக் கையளிக்க ஒருவரும் இல்லை. பெற்றோர்தான் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டிக்கிடக்கு.

இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படியான பிள்ளைக்கு 25 வயது வரை கல்வித் திட்டம் வைத்திருக்க முடியும். அங்கும் உள்ளூராட்சிச் சபைகள் தட்டிக்கழிப்பதால் பெற்றோர் தீர்ப்பாயம் போகிறார்கள். விசாரணை வரை போன வழக்குகளில் பெரும்பாலும் அவர்களே வெல்கிறார்கள்.

நமக்குள்ள உரிமை

1996-ஆம் ஆண்டு 28-ஆம் இலக்கச் சட்டம், உடற்குறையைக் காட்டி வேலைக்கோ கல்வி நிலையத்துக்கோ சேர்க்க மறுப்பதைத் தடுக்கிறது. 1988-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை அரச வேலையில் 3 வீதத்தை ஒதுக்குகிறது. ஆனால் அந்த வேலைக்குரிய தகுதி வேண்டும். 16 வயதுக்குப் பிறகு பயிற்சி கிடைக்காத பிள்ளைக்கு அந்த 3 வீதம் கடதாசியில்தான்.

செய்ய வேண்டியவை

1. பிள்ளைக்கு 14 வயதாகும்போதே அதிபரிடமும் வகுப்பு ஆசிரியரிடமும் அடுத்த வழியைக் கேளுங்கள்.

2. வைத்திய அறிக்கை, பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம் மூன்றையும் பிரதி எடுத்து ஒரே கோப்பில் வையுங்கள்.

3. சமூக சேவை உத்தியோகத்தரிடம் பிள்ளையின் பெயரைப் பதியுங்கள். மாதாந்தக் கொடுப்பனவோடு நின்றுவிடாமல் தொழிற்பயிற்சியையும் கேளுங்கள். சமூக சேவைகள் திணைக்களம் சீதுவை போன்ற இடங்களில் பயிற்சி நிலையம் நடத்துகிறது.

4. "பிறகு வாங்கோ" என்றால் எழுத்தில் பதில் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேண்டும். தமிழிலேயே கேட்கலாம்.

பிள்ளையின் விதி என்று சொல்லி வீட்டுக்குள் வைக்காதீர்கள். கந்தோர் செய்ய வேண்டிய வேலையைத்தான் நாம் கேட்கிறோம். தனியே போகத் தயக்கமென்றால் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.