ஒரு மீற்றர், இரண்டு குடும்பங்கள்: வாடகை வீட்டுச் சண்டைகளில் வீட்டுக்காரர் என்ன செய்யலாம்?

வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டு அந்த வருமானத்தில் காலம் தள்ளும் வயதானவர்கள் யாழ்ப்பாணத்தில் பலர். நானும் அவர்களில் ஒருத்தி. கோண்டாவிலில் உள்ள எங்கள் வளவில் கீழ்வீட்டில் நான் இருக்கிறேன். மேல்மாடியில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். பின்பக்க அனெக்ஸில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் தனியாக இருக்கிறார்.

வாடகைக்கு இருப்பவர்கள் தங்களுக்குள் சண்டை பிடித்தால் "குணம் சரியில்லை" என்று சொல்லிவிடுவது எங்களுக்கு வசதி. ஆனால் பல சண்டைகளின் அடியில் கிடப்பது மனிதர்களின் குணமல்ல, வீட்டின் அமைப்பு. ஒரே மீற்றர், ஒரே தண்ணீர்த் தாங்கி, ஒரே கேற். அந்த அமைப்பைச் செய்துவைத்தவர் வீட்டுக்காரர்.

எங்கள் வளவில் மேல்மாடிக்கும் அனெக்ஸுக்கும் ஒரே மின்மானி இருந்தது. பட்டியலை ஆளுக்குப் பாதி கட்டச் சொன்னால் தாதி அக்காவுக்கு அநியாயம். உபமீற்றர் பூட்டி அலகுக்கணக்கில் பிரித்தாலும் பிரச்சினை தீராது. இதைப் பலர் கவனிப்பதில்லை. இலங்கையில் வீட்டுப் பாவனைக்கான மின்கட்டணம் படிமுறையானது: மாதம் 60 அலகுக்குள் நிற்பவருக்கு ஒரு கணக்கு, அதைத் தாண்டினால் வேறு கணக்கு, 180 அலகுக்கு மேல் போனால் மிக உயர்ந்த விலை. நிலையான கட்டணமும் பாவனையோடு கூடும். அக்கா தனியாக 50 அலகும் மேல்மாடி 140 அலகும் பாவித்தால் தனித்தனி மீற்றரில் இருவருமே அந்த உச்சப் படியைத் தொடமாட்டார்கள். ஒரே மீற்றரில் 190 ஆகி விடுகிறது. அலகுக்கணக்கில் பிரித்தாலும் அக்கா தன் 50 அலகுக்கு மற்ற வீட்டின் விலையைக் கட்டுகிறார். மேல்மாடிக்காரரும் தனியாக இருந்தால் கட்டுவதைவிடக் கூடவே கட்டுகிறார். இருவரும் சொன்னது உண்மை. இருவரும் மற்றவரைக் கள்ளர் என்று நினைத்ததுதான் பிழை.

பட்டியலில் தொடங்கியது பிள்ளைகளின் சத்தம், படியில் கிடந்த செருப்பு, குப்பை வாளி என்று வளர்ந்தது. கடைசியில் மேல்மாடித் தம்பி என்னிடம் வந்து, "அன்ரி, அவவை எழுப்புங்கோ. இல்லாட்டி நாங்கள் வேற வீடு பாக்கிறம்" என்றார். அவர்களுடைய வாடகை அனெக்ஸ் வாடகையைப் போல இரண்டு மடங்கு. அக்காவுக்கு போக வேறு இடமில்லை. இந்த இடத்தில் ஒரு வீட்டுக்காரரின் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நான் முதலில் இருவரையும் தனித்தனியாக இருத்திக் கதைத்தேன். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகவில்லை. பிறகு அனெக்ஸுக்கு என் செலவில் தனி மின்னிணைப்பு எடுத்தேன். அது வரும்வரை ஒவ்வொருவரும் தனி மீற்றரில் கட்டக்கூடிய தொகையை மட்டும் வாங்கி, மிச்சத்தை நான் கட்டினேன். வாடகை வாங்குபவர்தான் அதைச் சுமக்க வேண்டும் என்பது என் எண்ணம். இதை ஏற்காத வீட்டுக்காரர்களையும் எனக்குத் தெரியும்.

செய்யக்கூடாததும் உண்டு. தண்ணீரை நிறுத்துவது, பூட்டை மாற்றுவது, சாமானை வெளியே வைப்பது. 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி, வழக்கு நீதிமன்றத்துக்கு வருவதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் குடியமர்த்தக் கட்டளையிடலாம். வாடகைச் சட்டம் பொருந்தும் வீடுகளில் அயலில் இருப்போருக்குத் தொல்லை கொடுப்பது வெளியேற்றக் கோருவதற்கான காரணங்களில் ஒன்றுதான். ஆனால் அது தொல்லையா இல்லையா என்று தீர்மானிப்பது நீதிமன்றம். அடி, மிரட்டல் என்று வந்தால் மட்டும் தாமதிக்காமல் பொலிஸுக்குப் போக வேண்டும்.

அதற்கு முந்திய நிலையில் மத்தியஸ்த சபை இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பலர் இன்னும் இணக்கசபை என்றே சொல்வார்கள். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. சட்டத்தரணி வாதாட முடியாது, செலவில்லை. மத்தியஸ்தர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் அதை எழுத்தில் ஆக்குவார்கள். எங்கள் விஷயம் அங்கே போகவில்லை. ஆனால் அப்படி ஓர் இடம் உண்டு என்று இருவருக்கும் சொன்னபோது குரல்கள் கொஞ்சம் தணிந்தன.

புதிய வாடகை ஒப்பந்தங்களில் இப்போது வாடகை, முற்பணம், அறிவித்தல் காலம் ஆகியவற்றோடு இன்னும் சில வரிகள் சேர்த்திருக்கிறேன்: பட்டியல் எப்படிப் பிரியும், மோட்டார் சைக்கிள் எங்கே நிற்கும், இரவு எத்தனை மணிக்குக் கேற் பூட்டப்படும், முறைப்பாட்டை யாரிடம் எப்படிச் சொல்வது. செருப்புப் பற்றி எழுதவில்லை. தாங்கி இன்னும் ஒன்றுதான். ஆவணி, புரட்டாதியில் கிணறு வற்றத் தொடங்கும்போது மோட்டார் போடும் நேரத்தைக் காலை ஆறு, மாலை ஐந்து என்று எழுதிப் படிக்கட்டடியில் ஒட்டியிருக்கிறேன்.