அந்தக் கறியை யார் வாங்கினார்கள்?

போன மாதம் அக்கா மகன் வந்திருந்தான். மண்ணில்லா விவசாயம் செய்யும் கம்பெனி ஒன்றில் பணம் போடப் போகிறானாம். "நிலமே வேண்டாமுங்க மாமா. தண்ணியும் பத்துல ஒரு பங்கு போதும். இப்ப போட்டா நாளைக்குப் பல மடங்குங்க" என்றான்.

எனக்கு 2011 ஞாபகம் வந்தது. கொங்குப் பகுதி முழுக்க ஈமு பேச்சாக இருந்த காலம். ஒன்றரை லட்சம் கட்டினேன். குஞ்சும் தீவனமும் கொடுத்து, மாதாமாதம் பணமும் தந்தார்கள். கறி, எண்ணெய், தோல், இறகு எல்லாமே காசு என்றார்கள். அந்தக் கறியை யார் வாங்குகிறார்கள் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் கட்டிய பணம்தான் எங்களுக்கு வந்திருக்கிறது. 2012-ல் பணம் நின்றது, தீவனமும் நின்றது. பட்டியில் பறவைகள் பட்டினி கிடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

"இது அப்படி இல்லீங்க மாமா, பங்குச் சந்தைக்கே வரப்போகுது" என்றான். சரி, சந்தைக்கு வந்த ஒன்றையே பார்ப்போம் என்றேன்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஆப்ஹார்வெஸ்ட் என்றொரு கம்பெனி. 60 ஏக்கரில் கண்ணாடிக் குடில், மழைநீரில் தக்காளி, நிலக்கரித் தொழில் நொடித்த பகுதியில் வேலைவாய்ப்பு. யாருக்கும் பிடிக்கிற கதை. 2021 பிப்ரவரியில் பங்குச் சந்தைக்கு வந்ததும் ஒரு பங்கு 30 டாலரைத் தாண்டியது. முதல் தக்காளி கடைக்குப் போனதே அதற்கு முந்தைய மாதம்தான்! அந்த ஆண்டு விற்பனை சுமார் 90 லட்சம் டாலர். நட்டம் சுமார் 16.6 கோடி டாலர். அதாவது ஒரு ரூபாய்க்குத் தக்காளி விற்றால் 18 ரூபாய் நட்டம். 2023 ஜூலையில் திவால் மனு கொடுத்தார்கள்.

பங்கின் விலை இன்றைய விளைச்சலுக்கு மட்டும் போடுகிற விலை இல்லை. நாளை இவ்வளவு வரும் என்ற நம்பிக்கைக்கும் சேர்த்துப் போடுவது. அந்த நம்பிக்கையைக் கதைதான் வளர்க்கிறது. விலை ஏற ஏற, ஏறுவதையே கதைக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறோம். பக்கத்துக் காட்டுக்காரர் ஈமு வாங்கினார் என்றுதானே நானும் வாங்கினேன்!

கதையே கூடாது என்று சொல்ல மாட்டேன். நம் அரிசிக்கும் ஒரு கதை சொல்லித்தான் விற்கிறோம். ஆனால் வாங்குபவர் நம் வயலுக்கு வந்து பார்க்கலாம். சமைத்துப் பார்த்துவிட்டு அடுத்த முறை வேண்டாம் என்றும் சொல்லலாம்.

மருமகனிடம் ஒன்றே கேட்டேன்: "ஒரு கிலோ கீரைக்கு அவங்களுக்கு என்ன செலவு, என்ன விலைக்கு யார் வாங்கறாங்க?"

"கேட்டுட்டு வர்றேனுங்க மாமா" என்று போயிருக்கிறான். பணத்தை இன்னும் கட்டவில்லை.